கெண்டைக்காலின் விரதம்

பழனிக்கு நடந்து போகிற அந்தக் கூட்டத்தை வருஷா வருஷம் கூட்டிப் போகிறவர் தவக்கொடி அம்மா. அவரிடம் தீட்சை வாங்கிய சீடர் பொன்னம்பலம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர்.

மகளுக்குத் தலைப்பிரசவம் நல்லபடியாக ஆகவேண்டும் என்று காவடி எடுத்திருந்தார். மலை ஏறும்வரை உப்பு தொடுவதில்லை, பொழுது சாயும்வரை தண்ணீரும் குடிப்பதில்லை என்பது வேண்டுதல்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தசை கல்லாக உருண்டு நின்றது. "முருகா!" என்று ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கண்டக்டரே, பாதி வழியில விசிலடிச்சு நிறுத்திட்டீங்க?" என்று கூட்டம் சிரித்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா ஓடிவந்து, முட்டியை நேராக்கி, பாதத்தை மெல்ல மேல்நோக்கி வளைத்துப் பிடித்தார்.

"நான் என்ன குத்தம் செஞ்சேம்மா? வராதேன்னு சாமியே காலைப் பிடிச்சு இழுக்குதே. என் மக வயித்துப் பிள்ளைக்கு..."

"அச்சச்சோ, வாயைக் கழுவுங்கண்ணே." அம்மா அவர் தோள்துண்டை எடுத்து நீட்டினார். வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. "நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்தார். "கரிக்குது."

"மூணு நாளா உள்ளே இருந்த உப்பும் தண்ணியும் இப்படி வெளியே போகுது. உள்ளே உப்பே போகல, பகல்ல தண்ணியும் போகல. இத்தனை நடைக்குத் தசை முறுக்கிக்காம என்ன செய்யும்?"

செம்பு நிறைய நீர்மோரில் உப்பைப் போட்டுக் கலக்கி நீட்டினார். பொன்னம்பலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விரதம் முறிஞ்சிடும்மா. மக கதி என்னாகும்?"

அம்மா வற்புறுத்தவில்லை. சாமான் ஏற்றிவந்த மாட்டுவண்டி நிழலில் நின்றது. அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டினது நீங்கதானே?"

"ஆமா. தவிடும் ஒரு கை உப்பும் போட்டுக் காட்டினேன்."

"அதுவும் மலைக்குத்தானே வருது? விரதம் இருக்கச் சொல்லலையா?"

"பாவம்மா அது! என்ன ஏதுன்னு தெரியாம, நம்மளை நம்பிச் சுமந்துட்டு வருது."

அம்மா இறுகிக் கிடந்த கெண்டைக்காலை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"இது யாரை நம்பிண்ணே சுமக்குது?"

பொன்னம்பலம் கையை நீட்டினார். செம்பை வாங்கிக்கொண்டார்.