தினம் பத்து நிமிஷம்

உப்பளத்து ஓரமாக ஒரு வேன் நின்றது. உள்ளே ஒரு கட்டில், அடுப்பு, சின்ன ஃபேன், ஒரு லைட். எபனேசர் அதில்தான் குடியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் ஒற்றை ஆளாக இருக்க முடியாமல் வாங்கிய வண்டி. இங்கேயும் ஒற்றை ஆள்தான். பேச்சுத்துணைக்கு உப்புப் பாத்திகள் மட்டும் இருந்தன. அவை ஒன்றும் பேசுவதில்லை.

அந்த வண்டியின் பேட்டரி நாலைந்து நாளைக்கு ஒருமுறை செத்துப்போனது.

மெயின்ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருந்த சந்தனமாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பாள். அதனால் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

மூன்றாவது முறையாகப் பேட்டரியைச் சுமந்துகொண்டு வந்த எபனேசர், அதை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

“டீச்சர், இனிமே நீங்க சரி பண்ண வேண்டாம். எனக்குக் கத்துக்கொடுங்க.”

“இந்த வயசுலயா அண்ணாச்சி?”

“என் பேட்டரிக்கு ஒரு வயசுகூட ஆகல. அது வயசு பாத்தா சாகுது?”

சந்தனமாரி சிரித்துவிட்டாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“உப்பளத்துல சும்மா நிக்குற வண்டிதானே. அப்படி என்ன அவசரம்?”

எபனேசர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மக விளாத்திகுளத்துல இருக்கா. அவ கல்யாணத்துக்கு நான் போகல. வீம்பு. பங்குனியில போன் பண்ணி, ‘நானே கூப்பிடுறேன், அப்ப வாங்கப்பா’ன்னா. அவ கூப்பிடுற அன்னிக்கு வண்டி கிளம்பலன்னு வைங்க. அப்பா இந்தத் தடவையும் வரலன்னுதானே நெனைப்பா?”

அது ஐப்பசி மாதம்.

சந்தனமாரி ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

முதல் நாள், பேட்டரி முனைகளில் உப்புக்காற்றுக்குப் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவினார்.

“இதுதான் நோயா டீச்சர்?”

“இது அழுக்கு.”

மறுநாள் மூடிகளைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்த்தார். சரியாக இருந்தது. அதற்கடுத்த நாள் பேட்டரியை வேனில் மாட்டி, மீட்டரை வைத்துக்கொண்டு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எங்கேயும் கரண்ட் கசியவில்லை. முழுசாக சார்ஜ் ஏற்றி, பேட்டரியைக் கடை அலமாரியில் ஒரு வாரம் வைத்தார்கள். சொட்டுக்கூட இறங்கவில்லை.

“பேட்டரி நல்லது, வண்டி நல்லது” என்றாள் சந்தனமாரி. “அப்ப யாரு?”

“மிச்சம் நான் ஒருத்தன்தான்.”

“ராத்திரி என்னென்ன போடுவீங்க?”

“ஃபேனும் லைட்டும். மனுசன் அதுகூடவா போடக் கூடாது?”

“தாராளமாப் போடலாம். காலையில?”

எபனேசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுல குறையே சொல்ல முடியாது. விடிஞ்சதும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவேன். பத்து நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணுவேன். ஒரு நாள் தவறினதில்ல. எந்த நேரமும் ரெடியா இருக்கணும்ல?”

சந்தனமாரி எழுந்தாள்.

கடைக்குப் பக்கத்தில் ஓர் அடிபம்பு. வாஷர் தேய்ந்தது. மேலே தண்ணீர் ஊற்றிவிட்டு அடித்தால்தான் பிடிக்கும். அருகில் அரை வாளித் தண்ணீர் இருந்தது.

“வாளிய ரொப்புங்க அண்ணாச்சி. அதுலருந்தே ரெண்டு மக்கு எடுத்து பம்புல ஊத்தி, நாலு அடி அடிச்சிட்டு நிறுத்திரணும். பம்புல தண்ணி கீழ இறங்கினதும் மறுபடியும் அதே மாதிரி.”

அவர் இரண்டு மக்கு ஊற்றினார். நாலு அடி அடித்தார். ஒரு மக்கு அளவுக்கு வந்தது. நிறுத்தினார். பம்பு களக்கென்று உள்ளிழுத்துக்கொண்டது. மறுபடியும் ஊற்றினார். மறுபடியும் அடித்தார்.

எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே பார்த்தார். “அண்ணாச்சி, பம்புக்குத் தண்ணி காட்டுறீங்களா, இல்ல பம்பு உங்களுக்குத் தண்ணி காட்டுதா?”

கொஞ்ச நேரத்தில் வாளியின் அடி தெரிந்தது. ஊற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

எபனேசர் காலி வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் தினமும் இதத்தான் பண்ணிட்டிருந்தேனா? ஸ்டார்ட் பண்ண எடுக்குறது ரெண்டு மக்கு, பத்து நிமிஷத்துல திரும்பி வர்றது ஒரு மக்கு.”

சந்தனமாரி டீக்கடையில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி வந்து பம்பில் ஊற்றினாள். “இப்ப நிறுத்தாம அடிங்க.”

அவர் அடித்தார். முதலில் காற்று வந்தது. பிறகு துருத்தண்ணீர். பிறகு குபுகுபுவென்று கொட்ட ஆரம்பித்து வாளி நிறைந்து வழிந்தது. கை ஓய்ந்துதான் நிறுத்தினார்.

வேனில் பேட்டரியை மாட்டும்போது கேட்டார்.

“அப்ப எவ்வளவு நேரம் ஓட்டணும் டீச்சர்?”

“ஒரு மணி நேரமாவது. நின்ன இடத்துல இல்ல. ரோட்டுல.”

“எந்த ரோட்டுல போக? எனக்குப் போறதுக்கு ஒரே ஊருதான்.”

“அந்த ஊரு எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம்.” அவர் குரல் இறங்கியது. “ஆனா அவ இன்னும் கூப்பிடலியே.”

சந்தனமாரி கடைசி நட்டை முடுக்கிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

“அது பேட்டரிக்குத் தெரியாது அண்ணாச்சி.”