அதிகாரி மறந்த புத்தகம்

சகாயமேரி என்று ஒரு கிளை நூலக உதவியாளர் இருந்தாள். கணினிப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி மனுவோடு போய் நின்றாள். மாவட்ட நூலக அதிகாரி வைத்தியலிங்கம் சிரித்தார்.

"எதைக் கேட்டாலும் மிஷினே பதில் சொல்லுது. உனக்கெதுக்கும்மா பயிற்சி? சின்ன வயசுல நான் படிச்ச கதைப் புத்தகம், பேரு மறந்துபோச்சு. கண்டுபிடி, கையெழுத்துப் போடறேன்."

"மிஷின்கிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். பேரைச் சொல்லுங்குது."

"சரி, எங்க உக்காந்து படிச்சீங்க?"

"கட்டிலுக்கடியில. அப்பாவுக்குத் தெரியாம."

"எந்த இடத்துல அழுதீங்க?"

அதிகாரியின் குரல் தழைந்தது. "கப்பல் போயிடும். நாய் மட்டும் கரையிலயே நிக்கும்... அட, 'துறைமுகத்து மணியன்'!"

"உங்ககிட்ட கேட்ட மாதிரி மிஷின்கிட்டயும் கேக்கத் தெரியணுமில்ல சார்? அதுக்குத்தான் பயிற்சி."

மனுவில் கையெழுத்து விழுந்தது. பேனாவை மூடாமலே அதிகாரி மெல்லக் கேட்டார்: "அந்தப் புத்தகம் இப்ப கிடைக்குமாம்மா?"