சங்குக்கல் தீவைச் சுற்றியவர்கள்

தில்லையப்பன் உப்பளத்தில் கண்காணிப்பாளர். நாற்பது பேரை வேலை வாங்குகிறவர். ஐம்பது வயதில் அவருக்கு ஒரு குரு கிடைத்தாள். கடற்கரை ஓலைக்குடிலில் தனியாக வாழும் ஆழியம்மை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கேட்டார்.

"அம்மா, எங்க வீட்டு ஆளுங்களுக்கு மனசுல உறுதியே இல்லை. அதை எப்படிக் கொடுக்கிறது?"

"எதை வச்சுச் சொல்றீங்க, அண்ணே?"

கரைக்கு எதிரே சங்குக்கல் தீவு. மாசி பிறந்தால் ஊரில் குடும்பம் குடும்பமாகப் படகேறிப் போவார்கள். காலையில் கிளம்பித் தீவை ஒரு சுற்று நடப்பார்கள். வழியில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பார்கள். இறங்கிய துறைக்கே திரும்பி வந்து சமைத்துச் சாப்பிடுவார்கள். தில்லையப்பன் மூன்று வருஷம் மனைவி கோமளத்தோடும் மகள் பூவிழியோடும் போனார். மூன்று வருஷமும் பாதி வழியில் படகை வரவழைத்து ஏறி வந்தார்.

"கோமளம் உட்கார்ந்துடுறா. அவளுக்குச் சின்ன வயசுலயே வாதத்துல இடது கால் சூம்பிப்போச்சு, அது எனக்குத் தெரியாதா? ஆனா மனசு வச்சா முடியும்லம்மா. பூவிழியும் அம்மா கூடவே உட்கார்ந்துக்கிறா. பதினாறு வயசுப் பொண்ணு. இந்த வருஷம் வரவே மாட்டேங்குறா."

"நீங்க எங்க நடப்பீங்க?"

"முன்னாலதான். வழி காட்டணும்ல?"

ஆழியம்மை தீவின் பக்கம் கையை நீட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை போவோம். நானும் வர்றேன்."

ஆழியம்மை வருகிறாள் என்றதும் பூவிழியும் கிளம்பினாள். ஞாயிறு விடிந்ததும் நால்வரும் தீவில் இறங்கினார்கள். சட்டி, அரிசி, தண்ணீர் எல்லாம் இருந்த கூடையைத் தூக்கி ஆழியம்மை தில்லையப்பன் தலையில் வைத்தாள்.

"அண்ணே, நீங்க கடைசியா வரணும். சுத்தி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

பிறகு கோமளத்திடம் திரும்பினாள். "அக்கா, நீங்க முன்னால போங்க."

கோமளம் கணவரைப் பார்த்தாள். அவர் தலையசைக்க முடியாமல் கூடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தார். அவள் நடந்தாள்.

முப்பது அடிக்கு ஒருமுறை நின்றாள். நின்ற இடத்தில் எதையாவது பார்த்தாள். தில்லையப்பனின் மனம் கணக்குப் போட்டது. தெற்கே ஒரு பாறைத்தளம் இருக்கிறது. கடல் உள்வாங்கியிருக்கும்போதே அதைத் தாண்டிவிட வேண்டும். இந்த நடைக்கு அது மூழ்கிவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் அதைக் கவனித்தார். ஒவ்வொரு அடிக்கும் கோமளம் இடது தொடையைக் கையால் அழுத்தி, காலை ஊன்றி, உடம்பை மேலே தூக்கினாள். ஒவ்வொரு அடிக்கும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் நடப்பதை அவர் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை.

"பூவிழி, இங்க பாரு. ஆட்டுப் புழுக்கை. மேட்டுக்கு ஒரு தடம் ஏறுது பாரு."

"காட்டு ஆடாம்மா?"

"யாரோ எப்பவோ விட்டுட்டுப் போனதா இருக்கும்."

கொஞ்சம் தள்ளி, பாறைகளுக்கு நடுவே கடல் குடைந்து நுழைந்த ஒரு மடு. கோமளம் நின்றாள். "பொடிமீன் துள்ளுது. கீழே பெருசு ஒண்ணு துரத்துது. இங்க போடுடி."

போன வருஷங்களில் தில்லையப்பன் வெளிப்பாறையில்தான் தூண்டில் போடச் சொல்வார். ஒரு மீனும் கடித்ததில்லை.

பூவிழி இறாலைக் கோத்து வீசினாள். மூன்றாவது வீச்சில் தூண்டில் நரம்பு விண்ணென்று இழுபட்டது. அவள் பாறையில் இரண்டடி சறுக்கினாள்.

"அம்மா! இழுக்குது!"

கோமளம் இடது காலைப் பாறை இடுக்கில் நுழைத்து முட்டுக்கொடுத்தாள். மகளின் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்தாள்.

"இழுடி! என் கால் நல்லா மாட்டிக்கிச்சு. இனி எவனாலயும் என்னை அசைக்க முடியாது!"

தில்லையப்பன் வாயைத் திறந்தார். 'விட்டுடு' என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினார். கூடையை இறக்கிவிட்டுத் தண்ணீரில் குதித்தார்.

அரைமணி நேரம் போராட்டம். கடைசியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, செவுளில் கைவிட்டு, அந்தக் கொடுவா மீனை அவர் தூக்கியபோது அது ஐந்து வயதுக் குழந்தையின் கனம் கனத்தது. பூவிழி கத்தினாள். கோமளம் இடுக்கிலிருந்து காலை உருவிக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆனால் தெற்குப் பாறைத்தளத்துக்கு வந்தபோது அதன் மேல் அலை புரண்டுகொண்டிருந்தது. தில்லையப்பன் கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மீண்டும் படகுதான். ஆழியம்மையைப் பார்த்தார். அவள் கோமளத்தைப் பார்த்தாள்.

கோமளம் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எந்திரிங்க. ஆட்டுத்தடம் இருக்குல்ல."

"மேடு செங்குத்தா இருக்கேம்மா," என்றாள் பூவிழி.

"ஆடு ஏறுது. நாம ஏற மாட்டோமா?"

கொஞ்ச தூரம் திரும்பி நடந்து தடத்தைப் பிடித்தார்கள். கோமளம் சில இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினாள். தகப்பனும் மகளும் மீனை ஒரு கம்பில் கோத்து இரண்டு முனையிலும் தோள் கொடுத்தார்கள். ஆழியம்மை கூடையை எடுத்துக்கொண்டாள். உச்சிக்குப் போனதும் நாலு பக்கமும் கடல். முழுத்தீவும் காலடியில் கிடந்தது. கோமளம் இரண்டு கையையும் தூக்கிக் கூவினாள். கீழே துறையில் சமைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் நிமிர்ந்து பார்த்தன. ஒருவர் விசிலடித்தார். பிறகு எல்லோரும் கூவினார்கள்.

அவர்கள் மறுபக்கம் இறங்கித் துறைக்கு வந்து சேர்ந்தபோது, அந்த மீனைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கோமளம் யாரையும் தொடவிடவில்லை. தானே அரிந்தாள், தானே குழம்பு வைத்தாள், தீவில் இருந்த எல்லோருக்கும் ஊற்றினாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் மகளிடம் சொன்னாள்: "அடுத்த மாசம் பக்கத்துத் தீவுக்குப் போவோம்டி. அதுல குன்று இன்னும் உயரமாம்."

தில்லையப்பன் அதைக் கேட்டார். சுற்று முடிந்துவிட்டது, இனி பேசலாம். ஆழியம்மையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, அந்தத் தீவுக்குப் போறப்ப நான் என்னென்ன எடுத்துக்கணும்?"

ஆழியம்மை கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"உங்களைக் கூப்பிட்டாங்களா, அண்ணே?"