விருந்தாளியை முந்தாத மாரத்தான்

கோயமுத்தூருக்குக் கிழக்கே மந்தக்காட்டுப்பாளையம் என்று ஒரு ஊர். அப்படி ஒரு ஊரே இல்லை என்பவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்க்காதவர்கள். அந்த ஊர்க்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் போதும், சொன்னபடியே நடப்பார்கள். மழை வந்தால் குடையை விரி என்று சொல்லிவிட்டால், வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருந்தாலும் விரிப்பார்கள்.

அந்த ஊர் ராக்கியப்பனுக்குக் கலாமணி மேல் உயிர். கலாமணிக்கும் அவன் மேல் பிரியம்தான். குறுக்கே நின்றவர் அவளுடைய அப்பா அவினாசியப்பன் மாமா. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ராக்கியப்பன் எடுத்த காரியம் எதையும் முடித்ததில்லை. அவன் போட்ட மாட்டுக்கொட்டகைக்குப் பாதிதான் கூரை. மழை பெய்தால் மாட்டுக்குத் தலை நனையாது, வால் நனையும்.

"மாப்ள, ஒரே ஒரு காரியத்தை முடிச்சுக் காட்டுங்க" என்றார் மாமா. "கோயமுத்தூர்ல வருசா வருசம் உலக மாரத்தான் நடக்குதாமா. அதுல ஓடி, அந்தக் கடைசிக் கோட்டை நீங்க தாண்டறதை என்ற கண்ணுல பாக்கோணும். பாத்துட்டா கலாமணி உங்களுக்கு. இல்லீன்னா திங்கக்கெழமை பொள்ளாச்சிக்காரங்களோட தட்டு மாத்திக்குவேன்."

ராக்கியப்பன் ஒப்புக்கொண்டான். கூட்டாளிகள் செங்கோடனையும் மயிலானையும் கூப்பிட்டுக்கொண்டான். எதையும் தனியாகச் செய்து அவனுக்குப் பழக்கமில்லை, முட்டாள்தனம் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மைதானம் நிறைய ஆட்கள். மஞ்சள் பனியன் போட்ட ஒரு பெண் மைக்கில் விதிகளைச் சொன்னாள். நெஞ்சில் குத்தியிருக்கும் நம்பர் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அவரவர் வேகத்தில் ஓட வேண்டும், அடுத்தவர் வேகத்தில் ஓடக் கூடாது. வெளிநாட்டு விருந்தாளிகளை நல்லபடியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். மூவரும் கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு கேட்டார்கள்.

"முன்னால நிக்கறவங்களுக்கு நம்பர் தெரியும். பின்னால வர்றவங்களுக்கு?" என்றான் செங்கோடன்.

நல்ல கேள்வி. ஆளுக்குக் கொஞ்ச தூரம் முறை வைத்துப் பின்பக்கமாகத் திரும்பி ஓடுவது என்று முடிவானது.

வேட்டுச் சத்தம் கேட்டதும் கூட்டம் பாய்ந்தது. நம்மவர்கள் அசையவில்லை. மந்தக்காட்டுப்பாளையத்தில் விருந்தாளிக்கு முன்னால் கால் எடுத்து வைத்தவன் கிடையாது. வாசற்படியானாலும் சரி, பந்தியானாலும் சரி, அவர்தான் முதலில். எனவே மூவரும் ஓரமாக நின்று, கைகூப்பி, "போங்க, நீங்க மொதல்ல போங்க" என்று உலகத்தையே வழியனுப்பி வைத்தார்கள்.

நடுவே ஒருவரைச் செங்கோடன் நிறுத்தி, "ஏனுங்ணா, நீங்க எந்தூருங்க?" என்றான்.

"திருப்பூரு. விடுங்க, ஓடோணும்!"

"திருப்பூர்க்காரர் விருந்தாளியாடா?" என்றான் ராக்கியப்பன்.

"பஸ் ஏறித்தானே வந்திருப்பாரு? விருந்தாளிதான்" என்றான் செங்கோடன்.

"அப்பிடிப் பாத்தா நாமளும் பஸ் ஏறித்தானே வந்தோம்?" என்றான் மயிலான்.

மூவரும் ஒருவரை ஒருவர் புது மரியாதையோடு பார்த்தார்கள். அதுவரை வாடா போடா என்று பேசிய செங்கோடன், "ராக்கியப்பண்ணா, நீங்க முன்னால போங்க" என்றான். "ஐயோ, நீங்க இருக்கறப்ப நானுங்களா?" என்றான் ராக்கியப்பன். கூட்டம் கண்ணுக்கு மறைந்த பிறகுதான், மூவரும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகக் கால் வைத்தால் யாரும் யாரையும் முந்த மாட்டார்கள் என்று மயிலானுக்குத் தோன்றியது.

கைகோத்து ஓடியதில் இன்னொரு வில்லங்கம் வந்தது.

"டேய், நீ என்ற வேகத்துல ஓடறே" என்றான் செங்கோடன். மரியாதை அதற்குள் தீர்ந்துவிட்டது.

"இது என்றதுடா. உன்றதை நீ எங்க வெச்சே?" என்றான் மயிலான்.

"திங்கக்கெழமை தட்டு மாத்தறாங்கடா, பாவிகளா!" என்று ராக்கியப்பன் அழுதேவிட்டான். அவன் கண்ணீரைப் பார்த்து இருவரும் இறங்கி வந்தார்கள். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை செங்கோடன் வேகம், அதற்கடுத்த கம்பம் வரை மயிலான் வேகம், பிறகு ராக்கியப்பன் வேகம். மூன்றும் ஒரே வேகம்தான். ஆனாலும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஓடினார்கள். பாதி வழியில் முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த உல்ரிக் என்கிற பருத்த மனிதர், முழங்கால் வீங்கி விந்தி விந்தி நடந்துகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் மூவரும் பிரேக் போட்டார்கள். அவர் நடந்தால் நடந்தார்கள். அவர் ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் மூவரும் குனிந்தார்கள்.

உல்ரிக் ஒதுங்கி நின்று, போங்கள் என்று கையைக் காட்டினார்.

"சேச்சே! விருந்தாளி நீங்க!" என்று மூவரும் கைகூப்பினார்கள்.

உல்ரிக் நல்ல மனிதர். போகிற ஊரின் வழக்கத்தைக் கற்றுக்கொள்கிறவர். அவரும் கைகூப்பினார். இப்படியே கும்பிட்டுக்கொண்டு மிச்சத் தூரமும் போயிற்று.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு கடைசிக் கோடு தெரிந்தது. தார்ரோட்டில் ஒரு நீளப் பாயை விரித்து, அதன் குறுக்கே வெள்ளையாகக் கோடு போட்டிருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றார் அவினாசியப்பன் மாமா. ராக்கியப்பனுக்கு இன்னும் ஒரே எட்டு.

கோட்டுக்கு முன்னால் உல்ரிக் நின்றார். நாள் முழுக்கக் கற்ற வழக்கத்தைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஒதுங்கி, குனிந்து, கைகூப்பி, நீங்கள் முதலில் போங்கள் என்றார்.

"நீங்க போங்க" என்றான் ராக்கியப்பன். உல்ரிக் இன்னும் குனிந்தார்.

"தாண்டுங்க மாப்ள!" என்று கத்தினார் மாமா.

"விருந்தாளி நிக்கறாருங்க மாமா!"

"அடக் கொடுமையே!" என்று மாமா தலையில் கை வைத்தார். "அப்ப எப்பிடித் தாண்டறது?" அவரும் மந்தக்காட்டுப்பாளையம்தானே.

மணி பன்னிரண்டு அடித்தது, பந்தய நேரம் முடிந்தது. ஆட்கள் வந்து பந்தலைப் பிரித்தார்கள், பாயைக் கோட்டோடு சுருட்டி லாரியில் போட்டார்கள். கோட்டை விட்டு நகர மாட்டேன் என்று மாமாவும் நாற்காலியோடு லாரியில் ஏறிக்கொண்டார். லாரி கிளம்பியது. ராக்கியப்பனுக்கு உலகமே இருண்டுவிட்டது. "கலாமணீ!" என்று அலறிக்கொண்டு பின்னால் ஓடினான். மெடல் மூட்டையும் அதே லாரியில் போனதால் உல்ரிக் முழங்காலை மறந்து அவனுக்கு முன்னால் ஓடினார்.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் லாரி திணறியது. மாப்பிள்ளை ஓடி வருவதைப் பார்க்கும் ஆர்வத்தில் மாமா எழுந்தபோது காலில் இடித்து, சுருட்டிய பாய் கீழே விழுந்தது. இறக்கத்தில் உருண்டு, உல்ரிக்கைத் தாண்டி, ராக்கியப்பனையும் தாண்டி, கீழே பெட்டிக்கடையில் போய் முட்டி நின்றது.

லாரி நின்றது; செங்கோடனும் மயிலானும் ஓடி வந்து சேர்ந்தார்கள்.

"பாத்தேன்" என்றார் மாமா மெதுவாக. "என்ற கண்ணுல பாத்தேன். மாப்ள கோட்டைத் தாண்டலை. கோடுதான் மாப்ளயைத் தாண்டிச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே மாமா?" என்றான் மயிலான்.

மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"சரி, குடுத்த வாக்கை மாத்த மாட்டேன். கலாமணி உங்களுக்குத்தான்" என்றார். "ஆனா காரியம் தலைகீழா நடந்திருக்குது. கண்ணாலமும் அதே மாதிரிதான் நடக்கோணும்."

அப்படியே நடந்தது. மேளம் கொட்ட, கலாமணி தாலி கட்டினாள், ராக்கியப்பன் வெட்கத்தோடு தலை குனிந்துகொண்டான். மறுநாள் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் பெண் வீட்டுக்கு வாழப் போனான்.

ஆறு மாதமாகிறது. விசேஷம் உண்டா என்று ஊரில் ஆளாளுக்கு அவனைத்தான் கேட்கிறார்கள். அவனும் தினமும் மாங்காயைக் கடித்துப் பார்க்கிறான், இதுவரை ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் மாமா அவனை உட்காரவைத்து, எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று வளைகாப்புக்குக் கை அளவு எடுத்துக்கொண்டு வளையல் கடைக்குப் போனார்.