ஆள் இல்லை

எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சோறு ஆனதும் சாமி உள்ளே உட்கார மாட்டார். தட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய், பசியோடு வந்திருக்கிறவர்களோடு புன்னை மரத்தடியில் தரையில் உட்கார்ந்துவிடுவார். ஒருவர் கேட்டில் நின்று "பசிச்சவங்க உள்ளே வாங்க" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் எழுந்து வருவார். இல்லையென்றால் அன்றைக்குப் பட்டினி.

சமைக்கிறவன் நான். கூப்பிடுகிறவனும் நான்தான். ஏழு வருசமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். "நீங்க பாட்டுக்கு உள்ளே வந்து உக்காரப்படாதா சாமி?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேவிட்டேன்.

"கூப்பிடாத இடத்துக்குள்ளே எப்படி ஓய் வருவேன்?" என்றார்.

இந்த மனுசனிடம் பேசி ஜெயிக்க முடியாது.

சிதம்பரதாணு ஞாயிற்றுக்கிழமைதோறும் மடத்துக்கு வருவார். ஐம்பத்து நாலு வயசு. சாமியைவிடப் பதினைந்து வயசு மூப்பு. இருந்தாலும் சாமிதான் அவருக்குக் குரு. முன்சீப் கோர்ட்டில் வேலை. பேச்சு திக்கும்; அந்தத் திக்கலை நான் எழுத்தில் காட்டவில்லை.

பதினெட்டு வருசம் பதிவறையில் கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டு, யாரோடும் பேசாமல் நிம்மதியாக இருந்த ஆள். போன வருசம் டவாலி ஓய்வு பெற்றார். ஆள் பற்றாக்குறை என்று அந்த வேலையை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். கேஸ் எடுக்கும்போது வராந்தாவுக்கு வந்து, சம்பந்தப்பட்டவர்கள் பேரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டும். திக்குகிற மனுசனுக்குக் கொடுக்கிற வேலையா இது? கேட்க நாதியில்லை. "கிக்கர் அடிங்க ஓய், வண்டி ஸ்டார்ட் ஆகட்டும்" என்று ஆபீசில் சிரிப்பார்களாம். இவரும் சேர்ந்து சிரிப்பாராம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் முகமே சரியில்லை. சாமி காலில் விழுந்தவர் எழுந்திருக்க நேரமானது.

"சாமி, எனக்குப் பேச்சு வாறதுக்கு ஒரு வழி சொல்லுங்க. நாளைக்குள்ளே."

"நாளைக்குள்ளேயா? நாளைக்கு என்ன?"



"வழி இல்லேன்னா சொல்லிருங்க. வேலையை விட்டுருதேன்."

சாமி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சோறு ஆயாச்சு. இன்னைக்கு நீரு கூப்பிடும்."

"சாமி, அது மட்டும் வேண்டாம்."

சாமி அதற்குள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

வெளியே நாலு பேர் இருந்தார்கள். ஊதுபத்தி விற்கிற கண் தெரியாதவர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், இரண்டு சுமைக்காரர்கள். சாமி அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். தாணு கேட்டில் போய் நின்றார். நான் அடுப்படி ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கையை ஆட்டி 'வாங்க' என்று சைகை காட்டினார். சுமைக்காரர்கள் எழுந்தார்கள். சாமி கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்தார்.

"கேட்டுப் பக்கம் யாரோ நிக்காப்ல இருக்கே. யாரு?" என்று கேட்டார் ஊதுபத்திக்காரர்.



மூன்று தடவை கூப்பிடுகிற நேரம் தாணு அங்கே நின்றார். அப்புறம் திரும்பி விறுவிறுவென்று உள்ளே வந்தார். அடுப்படி வாசலில் நின்று, என்னைப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்.

"ஆள் இல்லை."

அந்த இரண்டு வார்த்தை மட்டும் ஒரு இடத்திலும் திக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னது, ஆள் இல்லையா? சாமியே உக்காந்திருக்காரே ஓய்! உமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

அவர் என்னையே பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.  அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வெளியே போனார். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன்.

சாமி முன்னால் மண்ணில் உட்கார்ந்து சொன்னார். நான் இங்கே நேராக எழுதுகிறேன். அவர் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"வாயில வராத பேருன்னா, வராந்தாவுல போய் மூணு தடவை கூப்பிடுத நேரம் நிப்பேன் சாமி. உள்ளே வந்து ஆள் இல்லைன்னு சொல்லிருவேன். வக்கீல் இருப்பாங்க, அவங்க பாத்துக்கிடுவாங்க. ஒருத்தருக்கும் கெடுதல் வந்ததில்லை. சத்தியமா வந்ததில்லை."

"பொறவு?"

"போன மாசம் ஒருநாள் வக்கீலெல்லாம் கோர்ட்டைப் புறக்கணிச்சுட்டாங்க. ஒருத்தரும் உள்ளே இல்லை. ஒரு விதவைப் பொம்பளை கேஸ் வந்தது. புருசன் வீட்டைக் கொழுந்தன் பிடுங்கக் கூடாதுன்னு ஒம்பது வருசமா நடத்துதா. வராந்தாவுல எனக்கு நேர் முன்னாலதான் உக்காந்திருந்தா. எனக்கு வாய் வரல. நான் திணறுததைப் பாத்துட்டு, நெஞ்சடைப்புன்னு நெனைச்சிட்டா. எந்திரிச்சு ஓடுனா, குழாய்ல தண்ணி பிடிக்க. அதுக்குள்ளே நான் உள்ளே போய்..."



"சொன்னீரா?"

"சொன்னேன். வாதி வரல, வழக்கு தள்ளுபடின்னு ஆச்சு. வெளியே வந்தா, தம்ளரை நீட்டுதா."

"குடிச்சீரா?"

"குடிச்சேன் சாமி."

கைக்குழந்தைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எட்டாம் நாள் கொழுந்தன் அவ சாமானையெல்லாம் தெருவுல வீசிட்டு வீட்டைப் பூட்டிட்டான். இப்ப அக்கா வீட்டு மாட்டுத் தொழுவுல கிடக்கா. நான் அங்கேயேதான் இருந்தேன்னு அவ தன் வக்கீல்கிட்டச் சொன்னதுக்கு, மூணு தடவை கூப்பிட்டதா எழுதியிருக்குன்னு அவர் அவளையே சத்தம் போட்டாரு. எங்கிட்ட வந்தா சாமி. எனக்குக் காது அடைச்சுப் போச்சு போல அண்ணாச்சி, நீங்க கூப்பிட்டது கேக்கல, மன்னிச்சிருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டா."

"என்ன சொன்னீரு?"

"ஒண்ணும் சொல்லல."



"நாளைக்கு என்ன?"

"அந்த வழக்கைத் திரும்ப எடுக்கணும்னு மனு. நாளைக்கு விசாரணை. அன்னைக்குக் கூப்பிட்டீரான்னு முன்சீப் ஐயா எங்கிட்டக் கேப்பாரு. ஆமான்னு தலையை ஆட்டினாப் போதும். இல்லைன்னா, நடந்தது பூராவும் நான் வாயால சொல்லணும்."

"அவ பேர் என்ன?"

தாணு வாயைத் திறந்தார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கண்ணை மூடினார். தாடை நடுங்கியது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பார்க்கப் பொறுக்காமல், அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு "கோமதியா ஓய்?" என்று கேட்கப் போனேன். சாமி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். குழந்தை அழுதது, ஓய்ந்தது, மறுபடி அழுதது. தெருவில் ஒரு பஸ் வந்து ஆள் இறக்கிவிட்டுப் போனது.

"கோலம்மை."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்ல பேரு" என்றார் ஊதுபத்திக்காரர்.

சாமி சுற்றிலும் பார்த்தார்.

"ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல, பாத்தீரா."

"நாளைக்கு அங்கே நூறு பேர் இருப்பாங்க சாமி. சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க."

"வேலை போயிரும்."

"போகும்."

"அவளுக்கு என் மூஞ்சியில முழிக்கவே பிடிக்காது."

"பிடிக்காதுதான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் என்ன குறைந்து போகும் இந்த மனுசனுக்கு?

"சோறு ஆறிப்போச்சு சாமி. நானே கூப்பிட்டுருதேன்" என்றேன்.

"நீரு சும்மா இரும்."

தாணு மெல்ல எழுந்தார். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் நின்றார்.

"நான் பூராவும் சொல்லி முடிக்க ஒரு நாள் ஆயிரும் சாமி."

சாமி தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டைப் பார்த்து நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஒம்பது வருசமா வாய்தாவுக்கு வந்தாளே ஓய். இன்னும் ஒரு நாள் உக்கார மாட்டாளா?"