சுக்கான் பிடிக்காத கவர்னர்

1891 நவம்பர் 12, காலை ஆறு மணி. கீழக்குடாத் துறையில் இருபத்திரண்டு பயணிகளோடு நின்ற தோணிக்குச் சுக்கானி சந்தியாகு. பயணிகளில் ஒருவர் தமிழ் கற்ற கவர்னர்.

"தோணியைக் கிளப்பு."

"காத்து திரும்பட்டும் துரை. போன மாசம் இதே காத்துல போன தோணி கரை சேரல."

"கவர்னர் என்ற சொல்லின் மூலம் தெரியுமா? கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவன் என்று அர்த்தம். எனக்கு நீ கடலைச் சொல்லித் தர வேண்டாம்."

சுக்கானியை மீறிக் கிளப்பச் சொல்பவரே சுக்கான் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம். சந்தியாகு எழுந்து இடம் விட்டார்.

"அப்போ நீங்களே பிடிங்க துரை. நான் உங்க இடத்துல உக்காந்துக்கறேன்."

பயணிகள் எல்லோரும் கவர்னரைப் பார்த்தார்கள். கவர்னர் அலையைப் பார்த்தார். பிறகு கரையில் இறங்கிக்கொண்டார்.

காற்று திரும்பியதும் கவர்னரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய தோணி, நவம்பர் 14 அன்று அக்கரை சேர்ந்தது. கவர்னர் உட்பட இருபத்திரண்டு பேரும் இறங்கினார்கள்.