திருப்பத்தில் மூன்று நிமிடம்

ஜெபமணி டீச்சருக்கு நாற்பது வயது. அவருடைய சீடர்களில் மூத்தவரான பொன்னுலிங்கத்துக்கு ஐம்பத்தொன்பது.

டீச்சர் கற்றுக்கொடுத்தது மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போவதை. ஆண்டுதோறும் தை மாதம் ஏழு வண்டிகள் புறப்படும். பேருந்து எட்டிப் பார்க்காத ஊர்கள் வழியாகக் கடற்கரைக்கு வரும். அங்கே படகில் ஏறி, நான்கு தீவுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பும். மொத்தம் பத்து நாள்.

பொன்னுலிங்கம் ஓய்வு பெற்ற நில அளவையர். மூன்று பயணங்களில் நடு வரிசையில் ஓட்டியிருந்தார். இந்த முறை முதல் வண்டியாகப் போக விரும்பினார்.

"அடுத்த வருஷம் முழங்கால் கேட்காது டீச்சர். டாக்டர் சொல்லிட்டாரு. இந்த ஒரு தடவை நான் முன்னால போறேன்."

"திட்டம் போட்டுட்டு வாங்க, அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

பொன்னுலிங்கம் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கினார். எந்த ஊரில் எத்தனை மணிக்குத் தேநீர், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம், எந்த மணல்பாதையில் டயர் காற்றைக் குறைக்க வேண்டும் என்று எல்லாம் எழுதினார். இருபது நாளில் நோட்டு நிறைந்தது.

டீச்சர் படித்துவிட்டுக் கேட்டார். "மூணாம் நாள் டேங்க் வத்துற நேரத்துல தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. பார்த்தீங்களா?"

பொன்னுலிங்கம் நோட்டை வாங்கிப் போய், இரண்டு கேன்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்.

"படகு ஓடாத காத்து அடிச்சா?"

காற்று அடித்தால் தங்க ஓர் ஊரைச் சேர்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் முறை டீச்சர் வேறு எதையும் கேட்கவில்லை. ஒரு வரியின்மேல் மட்டும் விரலை வைத்தார். 'ஒவ்வொரு திருப்பத்திலும் மூன்று நிமிடம்' என்று எழுதியிருந்தது.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதை பிரியும் இடம் வந்தால், முதல் வண்டிக்கு அடுத்து வருகிறவர் அங்கே இறங்கி நிற்பார். பின்னால் வருகிறவர்களுக்குக் கையால் வழி காட்டுவார். கடைசி வண்டி வந்த பிறகுதான் அவர் கிளம்புவார். திருப்பத்தில் ஆள் இல்லையென்றால், அங்கு வந்து சேர்கிறவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

"இது என்ன, அண்ணாச்சி?"

"போன வருஷம் கடிகாரம் வச்சுப் பார்த்தேன் டீச்சர். ஏழு வண்டியும் ஒரு திருப்பத்தைத் தாண்ட ரெண்டு நிமிஷம் பத்து நொடி ஆகுது. ஐம்பது நொடி கூட்டிப் போட்டிருக்கேன். அதுக்கு மேல நின்னா படகு போயிரும். மொத்தம் நாற்பத்தோரு திருப்பம் இருக்கு."

டீச்சர் நோட்டை மூடிக் கொடுத்தார்.

"நல்ல திட்டம்னு எதை வச்சுச் சொல்றது, டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பார்ப்போம். நேர் வழியா முதல் தீவு வரைக்கும். நீங்க முன்னால போங்க, நான் எப்பவும்போல கடைசியா வாரேன். ஏழு வண்டியும் ரெண்டு மணிப் படகுல ஏறித் தீவுல இறங்கிட்டா, தை மாசம் முதல் வண்டி உங்களது."

ஞாயிற்றுக்கிழமை நன்றாகவே தொடங்கியது. தேநீர்க் கடைக்குத் திட்டத்தில் இருந்ததைவிட ஒரு நிமிடம் முன்னதாகவே போய்விட்டார்கள்.

"வாய் கொப்பளிக்க எத்தனை நொடின்னு எழுதியிருக்கீங்களா, அண்ணாச்சி?" என்று கேட்டார் மீரான். அவர் பேக்கரி வைத்திருப்பவர்.

"உமக்கு மட்டும் அரை மணி நேரம் போட்டிருக்கேன்" என்றார் பொன்னுலிங்கம். எல்லோரும் சிரித்தார்கள்.

உப்பளங்களைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் பாதைகள். இடப்பக்கம் போனால் படகுத்துறை. வலப்பக்கம் போனால் உப்பளங்களுக்குள்ளேயே சுற்ற வேண்டியதுதான். இரண்டாவதாக வந்த கோமதி அங்கே இறங்கி நின்றார். அவர் அரசு மருத்துவமனையில் நர்ஸ்.

படகுத்துறைக்கு வந்ததும் பொன்னுலிங்கம் வண்டியைப் படகில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார். அடுத்து நான்கு வண்டிகள் வந்தன. சற்றுப் பொறுத்துக் கோமதி வந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

"டீச்சர் எங்க?"

"வரல அண்ணாச்சி. மூணு நிமிஷம் நின்னேன். இருபது நொடி கூடவே நின்னேன்."

பொன்னுலிங்கம் பாதையைப் பார்த்தார். புழுதி எதுவும் தெரியவில்லை. டீச்சர் எப்போதும் வண்டி ஓட்டும்போது போனை அணைத்துவிடுவார்.

பத்து நிமிடம் போயிற்று. படகுக்காரர் கழியால் ஆழம் பார்த்தார்.

"தண்ணி இறங்குது. இன்னும் அஞ்சு நிமிஷம்தான். அதுக்கு மேல நின்னா தரை தட்டிரும்."

"டீச்சரைக் கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துருவாங்க" என்றார் மீரான். "உப்பளத்துல அவங்களுக்குத் தெரியாத பாதையா? ஏறுங்க, அண்ணாச்சி. மூணு வருஷமா இதுக்குத்தானே அலையுதீங்க?"

"ஆமா, அவங்களுக்குத் தெரியும்" என்றார் பொன்னுலிங்கம்.

படகில் ஏறி உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"என்ன செய்யுதீங்க?" என்றார் படகுக்காரர்.

"வண்டிய இறக்கணும்."

"ஏத்தும்போதே இதை யோசிச்சிருக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவரும் ஒரு கை கொடுத்தார்.

"அண்ணாச்சி, இப்ப இறங்கினா முதல் வண்டி போச்சு" என்றார் மீரான். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"தெரியுது. நீங்க அஞ்சு பேரும் போங்க. வழியில விழுந்து கிடந்தா என்ன செய்ய?"

டீச்சர் விழுந்து கிடக்கவில்லை. பாதை பிரியும் இடத்தில் உடைமரத்தின் அரைகுறை நிழலில், தலைக்கவசத்தின்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். கைகளில் கறுப்பாக எண்ணெய் ஒட்டியிருந்தது.

பொன்னுலிங்கத்துக்கு முதலில் மூச்சு வந்தது. பிறகு கோபம் வந்தது.

"என்ன டீச்சர் ஆச்சு?"

"செயின் கழண்டுருச்சு. மாட்டப் பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு."

"தானா கழண்டதா, நீங்க கழட்டினதா?"

"ரெண்டுக்கும் மாட்டுற நேரம் ஒண்ணுதான், அண்ணாச்சி."

"மாட்டினதும் வந்திருக்கலாமே! இங்கேயிருந்து துறைக்கு ஏழு நிமிஷம். இந்தப் பாதை உங்களுக்குத் தெரியாதா?"

"ஜெபமணிக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"இன்னைக்கு நான் ஜெபமணியா வரல, கடைசி வண்டியா வந்தேன். அந்த இடத்துல வழி தெரியாதவங்களும் வரலாம். போன வருஷம் கடைசிக்கு முன்னால வந்த பையனுக்கு எந்தத் திருப்பமும் தெரியாது. அவன் இங்க வந்து நின்னா, ரெண்டு பாதையும் வெள்ளையா இருக்கும். ஆள் இருக்காது."

பொன்னுலிங்கம் துறைப் பக்கம் திரும்பினார். தூரத்தில் படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. அது மெல்ல மெல்லக் குறைந்தது.

டீச்சர் கடலை இருந்த காகிதத்தை அவர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அஞ்சு வண்டிதான் தீவுல இறங்கும்" என்றார் பொன்னுலிங்கம்.

"ஆமா."

"நீங்க ஏழுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப தை மாசம் நான் முன்னால போக முடியாது."

"முடியாது, அண்ணாச்சி."

பொன்னுலிங்கம் தரையில் உட்கார்ந்தார். முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

டீச்சர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தை மாசம் நீங்க கடைசியா வாங்க" என்றார்.

பொன்னுலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"அது உங்க இடமாச்சே, டீச்சர்?"

"ஆமா. பதினோரு வருஷமா வேற யாரையும் விட்டதில்ல."

"அப்ப முன்னால யாரு போறது?"

"யாராவது போகட்டும்" என்றார் டீச்சர். "முன்னால போக வழி தெரிஞ்சா போதும்."